எம்.ஜி.பி. காருக்கு ஏசியும் ஹீற்றரும்: ஒரு மெக்கானிக்கின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் பழைய கார்களைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல கடிதம். ஏ40, மொரிஸ் மைனர் எல்லாவற்றையும் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கடைசிப் பந்தியில், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏசி பூட்டுபவர்கள் காரைக் கொலை செய்கிறார்கள் என்று ஒரு வரி போட்டிருக்கிறார். அது என்னைப் போன்றவர்களுக்குத்தான். நான் திருகோணமலையில் குளிரூட்டி வேலை செய்பவன். மீன் ஐஸ் அறைகளில் தொடங்கி, வான், பஸ் என்று வந்து, இப்போது தலை நரைத்த காலத்தில் பழைய கார்களுக்கும் ஏசி பூட்டிக் கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். இடம் போதாமல் வெட்டுவதென்றால் வயறிங் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள். அதை வாசிக்காமல் யாராவது வேலையைத் தொடங்கினால் கார் எரிந்து போகும்.

அண்மையில் செய்த வேலை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 1966ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஜி.டி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். உரிமையாளர், ஓய்வுபெற்ற டொக்டர் ஐயா ஒருவர். எம்.ஜி.பி. 1962இல் இங்கிலாந்தின் அபிங்டனில் திறந்த காராக வெளிவந்தது. 1965இல் அதற்கு இரும்புக் கூரையும் சரிந்த பின்கண்ணாடியும் வைத்து ஜி.டி. என்று விட்டார்கள். அந்தக் கூரையின் வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைப்புக் கம்பனியின் கைபட்டிருக்கிறது. பார்க்க அழகு. இங்கே வெயிலில் நிறுத்தினால் அந்த அழகான பின்கண்ணாடி வழியாகத்தான் சூடு முழுவதும் உள்ளே இறங்கும். இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கிறது. அந்த எழுத்தின் அரசியலை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை, ஆனால் இன்றைக்கு அது வேறு கடிதம்.

அபிங்டனில் இந்தக் காரைச் செய்தபோது ஹீற்றரே மேலதிகக் காசு கொடுத்துப் பூட்ட வேண்டிய சாமானாக இருந்தது. குளிர்நாட்டிலேயே அந்தக் கதை என்றால் ஏசியைப் பற்றி யார் யோசித்திருப்பார்கள்? அமெரிக்காவில் பக்கார்ட் கம்பனி 1940ஆம் ஆண்டுக் கார்களிலேயே ஏசி கொடுத்தது. குளிர்ச்சுருளை டிக்கியில் வைத்தார்கள். குளிரூட்டும் காஸை அமுக்கும் கொம்பிரசருக்கு, வேண்டாதபோது அதை எஞ்சினிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிற்பாட்டி, பொனற்றைத் திறந்து, பெல்ற்றைக் கழற்ற வேண்டும்! 1954இல் நாஷ் கம்பனிதான் குளிரையும் சூட்டையும் ஒரே அமைப்பில் சேர்த்து முன்பக்கத்துக்குள் அடக்கிக் காட்டியது. எனவே ஏசி என்பது ‘அந்தக் காலத்தில் இல்லாத பொருள்’ என்று கடிதம் எழுதிய வாசகர் சொல்வது சரியில்லை. அந்தக் காலத்தில் இருந்தது. இந்தக் காரில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, டொக்டர் ஐயாவின் விஷயம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கொழும்பு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தரைப்பக்கமிருந்து வரும் காற்று. கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே அடுப்புவாயில் நிற்பது போல இருக்கும். நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் எம்.ஜி.பி.யின் கண்ணாடியைத் திறந்தால் சூடு குறையாது, கூடும். அம்மா, அதாவது டொக்டர் ஐயாவின் மனைவி, அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கார் கராஜில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. நிற்கும் காருக்கு என்ன நடக்கும் என்று பழைய கார் வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரியும். பிறேக் சிலிண்டர் இறுகும். வோட்டர் பம்ப் சீல் காயும். பெற்றோல் தாங்கிக்குள் துரு பிடிக்கும். கார்பரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் வற்றிப் பிசினாகும். எங்கள் உப்புக்காற்றில் இது எல்லாம் இரட்டை வேகத்தில் நடக்கும். கொலை என்று வாசகர் சொன்னாரே, நான் பார்த்த பழைய கார்களில் கூடுதலானவை செத்தது இப்படி நின்று நின்றுதான்.

ஐயா என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி. “தம்பி, உடம்பில் ஓட்டை போடாமல் பூட்ட முடியுமா?” முடியும் என்றேன். ஆனால் நான் சொல்கிற ஒழுங்கில்தான் செய்வேன் என்றும் சொன்னேன். ஏசி பூட்ட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கொம்பிரசரைப் பற்றித்தான் கதைப்பார்கள். நான் கொம்பிரசருக்குக் கடைசியாகத்தான் வருவேன்.

முதல் வேலை, சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. சீற், கார்பெற் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, தரைத் தகட்டில் கையை வைத்துப் பார்த்தேன். கியர்பெட்டி மேட்டில் கை வைக்க முடியவில்லை. எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் உள்ள சுவரில், வயர் போகிற ஓட்டை, கேபிள் போகிற ஓட்டை, எதற்கென்றே தெரியாத ஓட்டை என்று பலது. றப்பர் வளையங்கள் பொடிந்து போயிருந்தன. இருட்டில் பொனற்றுக்குள் லைற் ஒன்றை வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் தாமாகவே தெரியும். இந்தக் காற்றுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் புதிய றப்பர் போட்டோம். தரைக்கும் மேட்டுக்கும் சூடு தடுக்கும் விரிப்பு ஒட்டி, அதன் மேல் பழைய கார்பெற்றையே திரும்பப் போட்டோம். கதவு றப்பரை மாற்றினோம். இவ்வளவும் செய்த பிறகு ஐயா ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஏசி போட்ட மாதிரித்தானே இருக்கிறது, இது போதுமோ?” என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு ஓட்டியிருக்கிறார். பின்னேரம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஹீற்றர் பெட்டி. எம்.ஜி.பி.யில் இது எஞ்சின் அறையின் பின்பக்கத்தில், தட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். கழற்றிய ஒவ்வொரு மெக்கானிக்கும் அதைப் பூட்டிய ஆளை ஒரு முறையாவது திட்டியிருப்பான். இந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எலிக்கூடு. காய்ந்த வேப்பிலை. பழைய பஞ்சு சீல் எல்லாம் கறுப்புத் தூளாகி, ஊதியைப் போட்டால் காற்றுவாய் வழியாக முகத்தில் வந்து விழும் நிலை. சூட்டுச்சுருளுக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் சொட்டுக்கூட வரவில்லை. முந்தைய உரிமையாளர் யாரோ கிணற்றுத் தண்ணீரையே றேடியேற்றருக்கு ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு. காரின் தண்ணீர் வழிகள் எல்லாம் கல்லுப் பிடித்துப் போகும். எஞ்சின் தலையில் உள்ள ஹீற்றர் குழாய்த் திருகை அடைத்து, குழாயை மடக்கிக் கட்டியிருந்தார்கள். இங்கே நான் பார்த்த பழைய கார்கள் பலவற்றில் இதே கதைதான். ‘இந்த ஊரில் ஹீற்றர் எதற்கு’ என்பார்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கண்ணாடிக்கு முன்னால் உள்ள சல்லடை வழியாக வெளிக்காற்று இந்தப் பெட்டிக்கு வருகிறது. அதே வழியாக மழைத் தண்ணீரும் வரும். அதை வெளியேற்ற கீழே ஒரு றப்பர் குழாய் இருக்கிறது. அது அடைபட்டால் தண்ணீர் உள்ளே இருப்பவரின் பாதத்தில் விழும். ஏசி பூட்ட வந்த இடத்தில் இந்த அடைப்பை எடுத்து விட்டதற்கு அம்மா என்னிடம் தனியாக நன்றி சொன்னார். சப்பாத்து நனைந்தது எல்லாம் அவருடையதுதானாம்.

இப்போது வயறிங். இதுதான் நான் வெட்ட வேண்டாம் என்று கேட்ட பகுதி.

1966 எம்.ஜி.பி.யில் மின்சாரம் தருவது லூக்கஸ் சி40 டைனமோ. முழு வேகத்தில் சுற்றினாலும் அது தருவது 22 அம்பியர்தான். ஐட்லிங்கில் நின்றால் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ஹெட்லைற், வைப்பர், பற்றவைப்புக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஏசிக்கு உள்ளே ஊதி, முன்னால் கண்டென்சர் (காஸின் சூட்டை வெளியே விடும் சுருள்) ஃபேன், கொம்பிரசர் கிளட்ச் மூன்றும் வேண்டும். மூன்றையும் சேர்த்தால் டைனமோ தரக்கூடிய முழுவதையும் அதுவே தின்றுவிடும். மழை இரவில் அநுராதபுரச் சந்தியில் வாகன நெரிசலில் நின்றால் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். இந்தக் காரில் பற்றரி இரண்டு, ஒவ்வொன்றும் 6 வோல்ற், சீற்றுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும். பற்றரி இறங்கினால் தள்ளத்தான் வேண்டும். டொக்டர் ஐயாவின் வயதில் யார் தள்ளுவது?

ஆகவே டைனமோவுக்குப் பதிலாக, ஐட்லிங்கிலும் மின்சாரம் தரும் ஓல்ற்றநேற்றர் கட்டாயம். தொழிற்சாலையே 1967இன் கடைசியில் வந்த இரண்டாம் வகையில் ஓல்ற்றநேற்றருக்கு மாறிவிட்டது. முதல் வகையில் இன்னொரு சங்கதி, காரின் உடம்பு பொசிற்றிவ், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனையைத்தான் உடம்போடு இணைத்திருப்பார்கள். இன்று கிடைக்கும் சாமான் எல்லாம் உடம்பு நெகற்றிவ் என்று எண்ணிச் செய்தவை. அதையும் மாற்ற வேண்டும். பற்றரிக் கம்பியை மாற்றிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. எஞ்சின் வேகமானியின் உள்ளே மாற்றம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது செத்துவிடும். கொயிலின் இரண்டு முனைக் கம்பிகளையும் மாற்றிப் பூட்ட வேண்டும். கண்டென்சர் ஃபேனின் கம்பி மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் கேட்கும், காற்று வராது. ஃபேன் ஓடுகிறதே என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், காஸ் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கடுதாசித் துண்டைச் சல்லடைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், உள்ளே இழுபட வேண்டும். ‘டைனமோவின் உருவம் மாறக்கூடாது’ என்று கவலைப்படுகிறவர்களுக்கு, டைனமோவின் உடலுக்குள் ஓல்ற்றநேற்றரை வைத்துச் செய்த சாமானும் உலகத்தில் கிடைக்கிறது. பொனற்றைத் திறந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. விலை கூட.

இந்தக் காரில் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் 35 அம்பியர். ஏசியின் கம்பியை அந்த ஃபியூஸில் கொண்டுபோய்க் கொளுவுகிற பொடியன்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பற்றரியிலிருந்து வரும் தடித்த கம்பியில் புதிய ஃபியூஸ் பெட்டி ஒன்றைப் போட்டு, ஊதிக்கு ஒரு றிலே, ஃபேனுக்கு ஒரு றிலே, கிளட்சுக்கு ஒரு றிலே. பழைய சுவிற்ச் வழியாக றிலேயை இயக்கும் சின்ன மின்சாரம் மட்டும் போகட்டும், ஏசியின் பெரிய மின்சாரத்தை றிலே திறந்து மூடும். அறுபது வருடத்துக் கம்பியில் பாரத்தை ஏற்றினால் முதலில் மணக்கும், பிறகு புகையும். மணம் வந்த உடனேயே நிற்பாட்டுகிறவர் தப்புவார்.

மின்சாரம் சரியான பிறகுதான் குளிர். இதில் நான் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வான் வேலை தெரிந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். கொம்பிரசர் சின்னதாக இருக்க வேண்டும். சான்டென் கம்பனியின் ஐந்து பிஸ்டன் வகை ஒன்று இந்த அளவு காருக்குப் போதும். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்தது மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே எந்த எண்ணெய் இருந்தது, எவ்வளவு காலம் வாயைத் திறந்தபடி கிடந்தது என்று தெரியாத கொம்பிரசரை நான் தொடமாட்டேன். பிடிச்சட்டத்தை எஞ்சினில் ஏற்கெனவே உள்ள போல்ற் துளைகளில் பூட்டினோம், புதிதாக ஒரு துளையும் போடவில்லை. பெல்ற் மூன்று சில்லுகளிலும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் அலறும், பிறகு கழன்று எறியும்.

1798 சிசி எஞ்சினின் 95 குதிரைவலுவில் நாலைந்தை ஏசி கேட்கும். சமதரையில் தெரியாது. ஏற்றத்தில் தெரியும். அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தால் கிளட்ச் தானாக விடுபட ஒரு சின்னச் சுவிற்சைக் கார்பரேற்றர்த் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். லொறியை முந்தும்போது குளிர் சில விநாடி நிற்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஐட்லிங்கில் எஞ்சின் தளராமல் இருக்க ஒரு சொலினொயிட், அதாவது மின்காந்தத்தால் அசையும் சின்னத் தண்டு, கார்பரேற்றரைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கும்.

கண்டென்சர்தான் எங்கள் ஊரில் தலையிடி. றேடியேற்றருக்கு முன்னால் போக வேண்டும். அங்கே ஒயில் கூலரும் இருக்கிறது. கண்டென்சர் தன் சூட்டை எல்லாம் றேடியேற்றரின் முகத்தில் ஊதும். பத்திரகாளி அம்மன் தேருக்குக் கூட்டம் கூடி வாகனங்கள் நின்றால், காற்று இல்லை, சூடு மட்டும்தான். கார்பரேற்றர்களும் புகைக்குழாயும் இந்த எஞ்சினில் ஒரே பக்கம். எஞ்சினை நிற்பாட்டிய பிறகு மேலெழும் சூட்டில் பெற்றோல் கிண்ணத்திலேயே கொதித்துவிடும், திரும்ப ஸ்ரார்ட் எடுக்காது. ஆகவே றேடியேற்றரைப் புதிய கருவுடன் திருத்தி, மின் ஃபேன் வைத்து, கார்பரேற்றருக்கு அடியில் சூட்டுத் தகட்டையும் புதுப்பித்தோம். கண்டென்சர் பக்கவாட்டு ஓட்டங்கள் பல கொண்ட புதிய வகை. பழைய பாம்புக்குழாய் வகை இன்றைய காஸுக்குப் போதாது. அலுமினியச் செதில்களை உப்பு தின்னும். உட்துறைமுக வீதியில் குடியிருக்கும் ஐயாவிடம், கிழமைக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லியிருக்கிறேன். அழுத்தக் குழாயால் அல்ல. செதில் மடிந்துவிடும்.

காஸ் பற்றி ஒரு சொல். பழைய ஆட்கள் இன்னும் ‘பன்னிரண்டு’ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆர்12 ஓசோன் படையைத் தின்ற காஸ். 1987 மொன்றியல் உடன்படிக்கை அதை உலகம் முழுவதும் படிப்படியாக நிற்பாட்டியது. இப்போது நாங்கள் அடிப்பது ஆர்134ஏ. அது ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ வெளியே போனால் 1,400 கிலோவுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட் போன மாதிரி உலகத்தைச் சூடாக்கும். ஆகையால் ‘கொஞ்சம் கசிகிறது, வருடா வருடம் அடித்துக்கொள்ளலாம்’ என்கிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள். இன்னும் மோசமான ஆட்கள் சமையல் காஸை அடித்துக் காட்டி, ‘நல்லாக் குளிருதே’ என்பார்கள். குளிரும்தான். குளிர்ச்சுருளில் பட்ட காற்றுதான் மூடிய காருக்குள் வருகிறது. கசிந்தால் எங்கே கசியும் என்று யோசியுங்கள். பக்கத்தில் சிகரெட் லைற்றர் வேறு.

காஸ் அடிக்குமுன் நைதரசன் விட்டு சவர்க்கார நுரையால் ஒவ்வொரு மூட்டும் பார்க்க வேண்டும். பிறகு வெக்கியூம். இதைச் சில இடங்களில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வெக்கியூம் காற்றை எடுப்பதற்கு மட்டும் அல்ல. அழுத்தம் நன்றாகக் குறைந்தால் குழாய்க்குள் உள்ள ஈரம் சாதாரண வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வரும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குக் குறைய நான் பம்பை நிற்பாட்டுவதில்லை. பம்பை மூடிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்து வந்து பார்த்தாலும் முள் அசையாமல் நிற்க வேண்டும். ஈரம் உள்ளே மிஞ்சினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். அதற்குப் பிறகு காஸ், தராசில் நிறுத்து. ஊதுவாயில் கை வைத்துக் ‘குளிர் வருது, போதும்’ என்று நிறுத்துகிற வேலை எங்களிடம் கிடையாது.

இனி ஹீற்றர். கடிதம் எழுதிய வாசகர் இதைத்தான் கேலி செய்திருந்தார், இலங்கையில் கார் ஹீற்றர் கேட்பவன் பணத்திமிர் பிடித்தவன் என்று. அவர் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை அடிக்கும் இரவில் கந்தளாய்க் காட்டு வழியே பழைய கார் ஓட்டியிருக்க மாட்டார். முன்கண்ணாடி உள்பக்கம் முழுவதும் பனித்துவிடும். கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். ஒரு கை ஸ்ரியரிங்கில், ஒரு கை கண்ணாடியில், எதிரே யானை. குளிர்ச்சுருளில் பட்ட காற்று தன் ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். காருக்கு அடியில் சொட்டுகிறதே தண்ணீர், அது அந்த ஈரம்தான். ஆனால் அந்தக் காற்றை அப்படியே கண்ணாடியில் ஊதினால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் பனிக்கும், உள்ளே இருப்பவர் நடுங்குவார். ஈரம் போன காற்றைச் சூட்டுச்சுருள் வழியாக விட்டுக் கொஞ்சம் சூடாக்கிக் கண்ணாடியில் ஊதினால்தான் சட்டென்று தெளியும். இதற்காகத்தான் பழைய ஹீற்றர் பெட்டியின் இடத்தில், அதே அளவில், இரண்டு சுருளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள பெட்டி ஒன்றை அலுமினியத் தகட்டில் செய்தேன். முன்னால் குளிர், பின்னால் சூடு. பழைய டாஷ்போர்ட் திருகுகள் இரண்டும் அதே இடத்தில், அதே வேலையைச் செய்கின்றன. ஒன்று சூட்டுக்கு, ஒன்று காற்று எங்கே போக வேண்டும் என்பதற்கு. புதிதாக வந்த ஏசிச் சுவிற்ச் மட்டும் டாஷ்போர்ட்டுக்குக் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு பிரயோசனம் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால் ஏசியை நிற்பாட்டி ஹீற்றரை முழுவதும் திறந்துவிட்டால் அது ஒரு சின்ன இரண்டாம் றேடியேற்றர் ஆகிவிடும். உள்ளே வேகும், ஆனால் எஞ்சின் தப்பும். வேலை முடிந்து ஐயாவும் அம்மாவும் ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக நுவரெலியாவுக்குப் போனார்கள். இங்கே வெளிக்கிடும்போது குளிர் வேண்டும், றம்பொடை தாண்டிய பிறகு சூடு வேண்டும். 1,868 மீற்றர் உயரத்தில் இரவில் அம்மா ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம், விடுதி அறையை விடக் கார் சூடாக இருந்ததாம். பணத்திமிர் என்று சொல்வதென்றால் அம்மாவிடம் நேரே சொல்லிப் பார்க்கட்டும்.

வாசகரோடு நான் உடன்படும் இடமும் இருக்கிறது. காற்றுவாய்க்காக டாஷ்போர்ட்டை வட்டமாக வெட்டுவது, குழாய் போக உட்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவது, கையுறைப் பெட்டியை அறுத்து எடுப்பது, இவை எனக்கும் கோபம் வரவைக்கும். அப்படிச் செய்யப்பட்ட கார் ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. வெட்டிய இரும்பைத் திருப்பி ஒட்டத் தகரப் பாஸ் ஒருவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். திறந்த காருக்கு ஏசி கேட்கிறவர்களிடமும் நான் முதலில் வாதாடுவேன். துணிக்கூரையைப் போட்டு ஓட்டுவேன் என்று சத்தியம் செய்தால் மட்டும் பூட்டுவேன். கூரையை மடக்கி வைத்துக்கொண்டு நிலாவெளிக் கடற்கரையைக் குளிர வைக்க என் கொம்பிரசருக்குச் சக்தி இல்லை.

ஐயாவின் காரில் கழற்றிய பழைய ஹீற்றர் பெட்டி, டைனமோ, பழைய ஊதி, உடம்பு பொசிற்றிவ் காலத்து றெகுலேற்றர், எல்லாவற்றையும் எண்ணெய் தடவிப் பெயர் எழுதி ஒரு மரப்பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். புதிய வயறிங்கின் படத்தைக் கையால் கீறி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இந்தக் காரை வாங்கும் அடுத்த ஆள் ஏசியை வெறுப்பவராக இருந்தால், ஒரு ஸ்பானர் பெட்டியும் பொறுமையும் இருந்தால் போதும், கார் அபிங்டனிலிருந்து வந்தபடியே நிற்கும். காரின் இரும்பில் என் துளை ஒன்றும் மிஞ்சாது.

இதை வாசித்துவிட்டு வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை வராதீர்கள். அந்த மாதங்களில் மீன் ஐஸ் அறைகளும் பஸ்களும்தான் எனக்கு முதலில், ஐஸ் அறை நின்றால் ஒரு வள்ளத்து மீன் முழுவதும் போய்விடும். தையில் வாருங்கள். மழை விட்டிருக்கும், நானும் சும்மா இருப்பேன், பங்குனிக்குள் முடித்துத் தரலாம். வரும்போது பழைய பெட்டிகளைக் கழற்றிக் கொண்டு வராதீர்கள், அவை எப்படிப் பூட்டியிருந்தன என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
குளிரூட்டி மெக்கானிக் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.